வரப்பில் நிற்க மாட்டோம்

கிட்டத்தட்ட மூன்று வருடத்துக்கு முன்னால், ஜூன் மாதக் கடைசி. மேட்டூரில் திறந்த தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேர்ந்து, குறுவை நடவு மும்முரமாக நடந்துகொண்டிருந்த நேரம். பாபநாசத்துக்கும் வலங்கைமானுக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். டிரைவருக்கு மனசிருந்தால் பஸ் நிற்கும், இல்லாவிட்டால் போய்விடும், அவ்வளவு சின்ன ஊர். அங்கே பள்ளிக்கூடத்தில், ஒரே மத்தியானத்தில், நான் ஒரு சண்டையில் ஜெயிக்கவும் செய்தேன், ஊர் முன்னால் தலைகுனிந்து நிற்கவும் செய்தேன்.

நான் பிளஸ் டூ வரை படித்தவள். நடவு செட் வைத்திருக்கிறேன். செட் என்றால் பதினான்கு பெண்கள். யார் வயலை எப்போது நடுவது என்று பேசி முடிப்பது, ஆள் சேர்ப்பது, விடியற்காலையில் ஒவ்வொருத்திக்கும் போன் போட்டு எழுப்புவது எல்லாம் என் பொறுப்பு. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். என் வீட்டுக்காரர் டிராக்டர் ஓட்டுகிறார். அவருக்கு வாயே கிடையாது. இரண்டு பேருக்கும் சேர்த்து நானே பேசிவிடுவேன்.

எங்களுக்கு ஒரே மகள். அப்போது அவளுக்கு எட்டு வயது. பிறந்த உடனே அழவில்லை. மூளை முடக்குவாதம் என்று தஞ்சாவூரில் சொன்னார்கள். நடக்க மாட்டாள். கைகள் அவள் சொன்ன பேச்சை எப்போதாவதுதான் கேட்கும். அவள் பேசுவது எங்களுக்குப் புரியும், வெளியாருக்குப் புரியாது. ஆனால் விவரம் உண்டு, அதைவிடப் பிடிவாதம் உண்டு. ஆமாம் என்றால் மேலே பார்ப்பாள். இல்லை, வேண்டாம், முடியாது எல்லாவற்றுக்கும் கண்ணை இறுக மூடிக்கொள்வாள். ஒருமுறை மூடிவிட்டால் எந்தக் கொம்பன் வந்தாலும் திறக்க வைக்க முடியாது. என்னைப் போலவே என்று ஊரில் சொல்வார்கள். அதில் எனக்குப் பெருமைதான்.

அவள் பெயர் மூன்று வருடமாகப் பள்ளிக்கூடப் பதிவேட்டில் இருந்தது. ஆள்தான் வீட்டில் இருந்தாள். வீட்டிலிருந்தே படிக்கும் பிள்ளை என்று எழுதி வைத்திருந்தார்கள். வாரம் ஒரு நாள் சிறப்பு ஆசிரியை ஸ்கூட்டியில் வருவார். தங்கமான பொண்ணு. கை காலை நீட்டி மடக்கப் பழக்குவார், படம் காட்டுவார், எழுத்து காட்டுவார். இவளும் 'அ' எது 'ஆ' எது என்று பார்வையாலேயே காட்டிவிடுவாள். ஆனால் வாரத்துக்கு ஒரு மணி நேரம் எந்தப் பிள்ளைக்குப் போதும்? பள்ளி மணி எங்கள் வீட்டுக்குக் கேட்கும். காலையில் மணி அடித்ததும் என் மகள் வாசல் பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டு ஒரு கத்து கத்துவாள். முதலில் ஏதோ வலி என்று நினைத்து எண்ணெய் தேய்த்துவிட்டேன். வலி இல்லை, ஆசை என்று புரிந்துகொள்ள எனக்கே ஒரு வருடம் ஆனது.

அந்த ஜூனில் பள்ளி திறந்ததும் முடிவு செய்தேன். தலை வாரி, பூ வைத்து, முகாமில் கொடுத்த சக்கர நாற்காலியில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போனேன். பள்ளியில் சாய்தளம் கட்டியிருந்தார்கள். பிள்ளைகள் சறுக்கி விளையாட வசதியாக இருந்தது. அதன் மேல் முனையில் அழகுக்கு நான்கு பூந்தொட்டிகள். நாற்காலியை அங்கேயே நிறுத்திவிட்டு, மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு தலைமையாசிரியையின் அறைக்குப் போனேன்.

அவர் கெட்டவர் இல்லை. மூன்று வகுப்புகளை ஒரே ஆளாக வைத்துக்கொண்டு திண்டாடுகிறவர். என்னை உட்காரச் சொன்னார், மகளின் கன்னத்தைத் தட்டினார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஒங்க நல்லதுக்குத்தாம்மா சொல்றேன். பாப்பா வீட்டுலயே இருக்கட்டும். இங்க கீழ விழுந்துட்டா யாரு பதில் சொல்றது? அவளுக்கும்தான செரமம்?"

எனக்குச் சுரீரென்று ஏறியது. என் பிள்ளைக்கு எது நல்லது என்று எனக்குத் தெரியாதா? மூன்று வருடமாகப் பேர் மட்டும் பள்ளிக்கூடம் போய் வருகிறது, இனி ஆளும் வரும் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வீட்டுக்குப் போகவில்லை. வராண்டாவில், மூன்றாம் வகுப்பு ஜன்னலுக்கு நேர் கீழே, பாயை விரித்து மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். உள்ளே வாய்ப்பாடு சொன்னார்கள். இவள் வெளியிலிருந்து அதே ராகத்தில் கூடச் சத்தம் போட்டாள். மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும் போனேன். நடவு நாட்களை விட்டுவிட்டு நான் அங்கே உட்கார்ந்திருப்பது ஊர் முழுக்கப் பேச்சானது. வெள்ளிக்கிழமை மத்தியானம் பெற்றோர் கூட்டம் போட்டு முடிவு செய்யலாம் என்றார் தலைமையாசிரியை.

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இதைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

என் செட்டில் ஒருத்தி இருந்தாள். என்னைவிட நான்கைந்து வயது சின்னவள். சின்ன வயதில் காய்ச்சல் வந்து ஒரு கால் சூம்பிப்போனவள். நடவுக்கு ஆறு வருடமாக வந்துகொண்டிருந்தாள். கை வேகம்தான், ஆனால் சேற்றிலிருந்து அந்தக் காலை இழுத்தெடுக்க ஒரு மூச்சு நேரம் கூடுதலாகும். நடவு பார்த்தவர்களுக்குத் தெரியும், வரிசையாக நின்று குனிந்து நட்டுக்கொண்டே பின்னால் நகர்வோம். ஒருத்தி மெதுவாக நட்டால், மற்றவர்கள் பின்னால் போய்விடுவார்கள். அவள் மட்டும் முன்னால் தனியாக நிற்பாள். இரண்டு பக்கமும் நட்ட நாற்று, நடுவில் அவள். அப்படி நிற்க விடக்கூடாது என்பது எங்கள் செட்டின் வழக்கம். மெதுவாக நடுபவளை நடுவில் நிறுத்துவோம். அவளுக்கு இடதும் வலதும் கை வேகமானவர்கள் நிற்பார்கள். தங்கள் பங்கோடு அவள் பங்கிலும் ரெண்டு ரெண்டு குத்து நாற்று சேர்த்து நட்டுவிடுவார்கள். வரிசை கோணாமல் ஒன்றாகப் பின்னால் போகும். யாரும் யாருக்கும் உபகாரம் செய்வதாக நினைப்பதில்லை. நாளைக்கு எனக்கு இடுப்பு பிடித்தால் எனக்கும் அப்படித்தான்.

அந்த வருடம் ஒரு பெரிய பண்ணைக்காரர், ஒரே நாளில் தன் வயலை முடித்துத் தராவிட்டால் நடவு மெஷினைக் கூப்பிட்டுவிடுவேன் என்றார். எனக்குப் பயம் வந்துவிட்டது. மெஷின் ஒரு வயலில் இறங்கினால் பக்கத்து வயலுக்கும் போகும். யாரைக் கழித்தால் வேகம் கூடும் என்று கணக்குப் போட்டேன். நான் வராண்டாவில் பாய் விரிப்பதற்கு முந்தின வாரம், அவள் வீட்டு வாசலில் நின்று சொன்னேன்: "இந்த வருசம் நீ வீட்டுல இரு. ஒன் நல்லதுக்குத்தான் சொல்றேன். காலு வலிக்கும்ல?"

அவள் சரிக்கா என்றாள். இடுப்பில் செருகியிருந்த தலைத்துண்டை உருவி உள்ளே கொடியில் போட்டாள். நானும் நல்லது செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன். தலைமையாசிரியை அதே சொல்லை எனக்குச் சொன்னபோதுகூட எனக்கு உறைக்கவில்லை. அடுத்தவர் வாயிலிருந்து வந்தால்தான் அந்தச் சொல்லுக்குக் காரம் போலிருக்கிறது.

வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு முப்பது பேர் வந்திருந்தார்கள். மகளை நாற்காலியில் என் பக்கத்தில் உட்காரவைத்திருந்தேன். ஒவ்வொருவராகப் பேசினார்கள். எல்லாரும் பாவம் என்றுதான் ஆரம்பித்தார்கள். பாவம், ஆனா மத்த புள்ளைங்க படிப்பு கெடும். பாவம், ஆனா அது கத்துனா சின்னதுங்க பயந்துக்கும். 'அது' என்று ஒருவர் சொன்னபோது நான் எழுந்துவிட்டேன். சொன்னவர் என் சொந்தக்காரர் வேறு. அவரைப் பார்த்து, அது இல்லை அவள் என்றேன். மகள் தானாகவே மேலே பார்த்தாள்.

பிறகு பேசினேன். நன்றாகவே பேசினேன் என்று இப்போதும் சொல்வேன். "நடவுல மெதுவா நடுறவள நாங்க என்ன செய்றோம்? வரப்புல ஏத்தி ஒக்கார வச்சிர்றோமா? ரெண்டு பக்கமும் ஆளு நின்னு ரெண்டு குத்து சேத்து நட்டு, வரிசைய ஒண்ணாத்தான கொண்டுபோறோம்? சேத்துல நிக்கிற பொம்பளைங்க நாங்க செய்றத, படிச்சவங்க நீங்க செய்ய முடியாதா?"

தலைமையாசிரியை பேனாவை மூடி மூடித் திறந்தார். ஜெயித்துவிட்டேன் என்று எனக்குத் தெரிந்தது. அப்போது பின்வரிசையில் ஒரு பெஞ்சு நகர்கிற சத்தம். அவள் எழுந்து நின்றாள், நான் செட்டிலிருந்து நிறுத்தியவள். அவளுடைய பெண்ணும் அதே மூன்றாம் வகுப்புதான், அதனால் அவளும் கூட்டத்துக்கு வந்திருக்கிறாள். எனக்கு அது ஞாபகமே இல்லை.

"அக்கா சொல்றது நெசந்தாங்க. ஆறு வருசம் என்னைய நடுவுல நிக்க வச்சுத்தான் நட்டாங்க. ஆனா இந்த வருசம் என்னைய வரப்புல ஏத்தி வுட்டுட்டாங்க."

யாரோ சிரித்தார்கள். ஊருக்குத்தான் உபதேசம் என்று ஒரு குரல் எங்கிருந்தோ வந்தது. நியாயமான குரல்தான். முப்பது பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் மகளும் பார்த்துக்கொண்டிருந்தாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. இனி என் பேச்சை யார் மதிப்பார்கள், என் வாயாலேயே என் பிள்ளையின் இடத்தைக் கெடுத்துக்கொண்டேனே என்று நினைத்தேன். இவ்வளவுக்கும் அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

அவள் உட்காரவில்லை. தலைமையாசிரியை பக்கம் திரும்பினாள்.

"அக்கா செஞ்சது தப்பு. அதே தப்ப இந்தப் பள்ளிக்கொடமும் செய்யணுமா டீச்சர்? சின்ன வயசுல எனக்கும் இதத்தான் சொன்னாங்க. ஒன் நல்லதுக்குத்தான், வீட்டுல இருன்னு. மூணாவதோட நின்னேன். இன்னி வரைக்கும் எம் பேர மட்டுந்தான் எழுதத் தெரியும். அந்தப் புள்ள உள்ள வரட்டும். ஒரு பக்கம் எம் பொண்ணு ஒக்காருவா. இன்னொரு பக்கத்துக்கு யாரு புள்ள?"

கேட்டுவிட்டு அப்படியே நின்றாள். அந்தக் காலோடு நிற்பது அவளுக்குச் சிரமம். இருந்தாலும் பதில் வரும்வரை உட்கார மாட்டாள் என்று தெரிந்தது. கடைசியில் 'அது' என்று சொன்ன அதே சொந்தக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, தன் பேத்தி உட்காருவாள் என்றார். தலைமையாசிரியை ஒரு மாதம் பார்க்கலாம் என்று நோட்டில் எழுதினார். எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். அவளும் போட்டாள், தனக்குத் தெரிந்த அந்த ஒரே எழுத்து வரிசையை, நிதானமாக.

அன்று சாயங்காலமே அவள் வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்து வைத்திருந்ததெல்லாம் வாசலில் மறந்துபோனது. தப்புப் பண்ணிட்டேன் என்று மட்டும் சொன்னேன். அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். என்னை உட்காரச் சொல்லவில்லை. ஒரு குண்டானை முழுசாகத் தேய்த்துக் கழுவிக் கவிழ்க்கும்வரை நிற்க வைத்தாள். பிறகுதான் நிமிர்ந்தாள்.

"காலு வலிக்குதான்னு எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களாக்கா? நீங்களாத்தான சொன்னீங்க? எனக்கு வீட்டுல இருந்தாத்தான் வலிக்குது."

நாளைக்கு எத்தனை மணிக்கு என்று அவளே கேட்டாள். ஐந்தரைக்கு என்றேன். நடுவில்தான் நிற்பேன் என்றாள். சரி என்றேன். கொடியில் கிடந்த தலைத்துண்டை எடுத்து உதறினாள்.

பண்ணைக்காரரிடம், செட் என்றால் பதினான்கு பேர்தான், ஒருத்தியைக் கழித்துவிட்டு வர மாட்டோம், முடிகிற நேரத்தில்தான் முடியும் என்று சொன்னேன். சொன்னபடியே அவர் மெஷினைக் கூப்பிட்டுவிட்டார். அந்த வயல் எங்களுக்குப் போனது போனதுதான். மெஷினால் மூலைகளில் திரும்பி நட முடியாது. மூலைக்கு மட்டும் நான்கு ஆள் அனுப்பு என்று போன் செய்தார். நாங்கள் மூலைக்கு மட்டும் வருகிற ஆட்கள் இல்லை என்று வைத்துவிட்டேன். நஷ்டம்தான். ஆனால் அன்றைக்கு வேறொரு வயலில் நட்டுக்கொண்டிருந்த பதினான்கு பேரும் அதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அக்கரை வரை கேட்டிருக்கும்.

பள்ளிக்கூடத்தில் அந்த ஒரு மாதம் ஒன்றும் தேன் ஒழுகவில்லை. முதல் நாள் பிரார்த்தனையின்போது என் மகள் போட்ட சத்தத்தில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று அழுதுவிட்டது. பக்கத்திலிருந்த பெண்ணின் நோட்டை எச்சிலாக்கினாள். மூன்றாம் நாள் பெஞ்சிலேயே ஒன்றுக்குப் போய்விட்டாள். வயலில் இருந்த எனக்குப் போன் வந்தது. சேற்றுக் காலோடு ஓடினேன். சில பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தலைமையாசிரியையின் முகத்தில் நான் அன்றைக்கே சொன்னேனே என்று எழுதியிருந்தது. எனக்கே மனசு விட்டுப்போனது. போதும் கண்ணு, வீட்டுக்குப் போயிடலாம் என்று குனிந்து தூக்கப் போனேன்.

அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். சொன்ன பேச்சு கேட்காத அந்த வலது கை, அன்றைக்கு எப்படியோ பெஞ்சின் சட்டத்தைச் சுற்றிப் பிடித்துக்கொண்டது. நான் இழுத்தேன். விடவில்லை. அப்போது அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், அந்தக் கூட்டத்தில் எழுந்து நின்றவளின் பெண், எனக்கு விளக்கம் சொன்னாள்: "அத்தை, அவ மாட்டேங்குறா. கண்ணு மூடுனா மாட்டேன்னு அர்த்தம்."

எனக்கே சொல்லித் தருகிறாள்! மூன்று நாளில் அந்த வகுப்பே அந்தப் பாஷையைப் படித்துவிட்டிருந்தது. அன்றைக்கு நான் அவளுக்குத் துணி மாற்றி, பெஞ்சைக் கழுவிவிட்டு, அவளை அங்கேயே விட்டுவிட்டு வயலுக்குத் திரும்பினேன். என் மகளிடம் நானும் ஒரு வார்த்தை கேட்காமல்தானே தூக்கப் பார்த்தேன் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனேன்.

அதற்குப் பிறகு சிறப்பு ஆசிரியையும் பள்ளிக்கே வரத் தொடங்கினார். பெஞ்சில் சாய்மானம் வைத்து, என் வீட்டுக்காரர் பழைய டிராக்டர் சீட்டிலிருந்து கழற்றிய பெல்ட்டைப் பூட்டினோம். இடைவேளைக்கு நான் ஒரு ஓட்டம் ஓடி வந்து கழிப்பறைக்குக் கூட்டிப்போவேன். இரண்டு விடைகளைக் கரும்பலகையின் இரண்டு ஓரத்தில் எழுதிவிட்டு, எது சரி என்று அவள் பார்வையைக் கவனிக்கத் தலைமையாசிரியையே கற்றுக்கொண்டார். ஒரு மாதம் முடிந்த அன்று யாரும் கூட்டம் போடவில்லை. சாய்தளத்தின் முனையிலிருந்த பூந்தொட்டிகள் மட்டும் எப்போதோ கொடிமரத்தடிக்குப் போயிருந்தன.

இப்போது என் மகள் ஐந்தாம் வகுப்பு முடிக்கப் போகிறாள். எழுதுவது கஷ்டம்தான், ஆனால் கணக்கில் பக்கத்தில் இருக்கும் இரண்டு பேருக்கும் இவள் பார்வைதான் விடை. நடவுக்கு எங்கள் வரிசையில் நடுவில், அன்றைக்குக் கூட்டத்தில் எழுந்து நின்றாளே, அவள்தான் நிற்கிறாள். நான் அவளுக்கு வலது பக்கம். ரெண்டு குத்து சேர்த்து நடுகிறேன் என்று பெயர். பேச்சில் அவள்தான் என்னை முந்துகிறாள்.

வருகிற ஜூனில் ஆறாம் வகுப்பு. மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெரிய பள்ளிக்கூடத்தில் விசாரிக்கப் போனேன். அங்கே இருந்தவர் என் மகளைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "ஒங்க நல்லதுக்குத்தாம்மா சொல்றேன்..." என்று ஆரம்பித்தார். என் மகள் கண்ணை மூடிக்கொண்டாள். நான் கோபப்படவில்லை. ஜூனில் வருகிறோம், பதினான்கு பேரும் வருகிறோம் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அந்த வார்த்தைக்கு இனி நான் மயங்க மாட்டேன். என் வாயாலேயே ஒருத்திக்கு அதைச் சொல்லியிருக்கிறேன், அதனால் அது யாருடைய நல்லதுக்குச் சொல்லப்படுகிறது என்று எனக்கு நன்றாகவே தெரியும்.